தெருவுக்கு ஒரே எண்

இது எனக்கு நடந்ததல்ல. என்னோடு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் பதியும் வேலை பார்க்கிற சந்தனமாரி சொன்னது. மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள், கழுவி முடிக்கும்போது கதையும் முடிந்துவிட்டது. ‘அவள் நினைத்தாள்’, ‘அவளுக்குத் தோன்றியது’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அதனால் கீழே வரும் ‘நான்’ சந்தனமாரிதான். அவள் சொல்லாமல் விட்ட சில இடங்களை, அவளை எனக்குத் தெரிந்த அளவுக்கு, நான் நிரப்பியிருக்கிறேன். அருவருப்பு என்ற சொல்லை மட்டும் நான் சேர்க்கவில்லை. அதை அவள்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைக்குள் நுழைந்ததும் தொண்டையில் வந்து ஒட்டியது அந்த வாசனைதான், மல்லிகை மாதிரி இருக்கட்டும் என்று எங்கேயோ மருந்தில் செய்து, ஏசிக் காற்றில் கலந்து விடுகிற வாசனை, காலையிலிருந்து என் கையில் இருக்கும் ஸ்பிரிட் நாற்றம்கூட இதைவிட மேல், அதாவது நாற்றமாகவே இருக்கிறது, பூ என்று சொல்லிக்கொள்ளவில்லை. மேசை முழுக்கப் புதுப் போன்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வயர், தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைச் சங்கிலியால் கட்டி வைப்பார்களே அந்த மாதிரி, அந்த டம்ளரைப் போலவே எத்தனை பேர் பட்டதோ தெரியாது, கண்ணாடி மேல் விரல் ரேகைகள், ஒன்றின் மேல் ஒன்று, ஓரத்தில் ஏதோ குழந்தை ஐஸ்கிரீம் கையோடு தேய்த்த கோடு காய்ந்து கிடக்கிறது. தொட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தொட்டேன். கேமரா திறந்துகொண்டது. அதில் ஒரு பெண், என் சுடிதார் போட்டுக்கொண்டு, என்னைவிட இரண்டு மடங்கு வெளுப்பாக, கன்னத்தில் பரு இல்லாமல், தாடை கூராக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன், பிடித்திருந்தது, உடனே வாய்க்குள் எச்சில் புளித்தது, யாரிடம் கேட்டு என்னை இப்படி வெள்ளையடித்தார்கள், இதற்கா ஒன்றரை மாதச் சம்பளம். வாங்கலாமா வேண்டாமா. வாங்கித்தான் ஆக வேண்டும். இல்லை, ஆக வேண்டும் என்று இல்லை. என் பழைய போன் பையில் இருக்கிறது, அதன் முதுகு ஊதி, மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, அந்த இடுக்கில் ஐந்து வருஷத்துக் காது அழுக்கும் முகப் பவுடரும் மஞ்சள்தூளும் சேர்ந்து ஒரு கரும் விளிம்பாகிவிட்டது, குண்டூசியால் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், பசை மாதிரி வந்தது, அதன் பிறகு எடுக்கவில்லை. அது நின்று நின்று வேலை செய்கிறது. போன வியாழக்கிழமை நின்றே விட்டது. அன்றைக்கு நின்றதுதான் இன்றைக்கு என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

எங்கள் தெருவில் குருசாமி மாமாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அவர் மனைவி சீனியம்மாள் அத்தை கூட்டிப்போவாள். காப்பீட்டு அட்டையில்தான் நடக்கிறது, அட்டையைக் கொடுத்ததும் கவுண்ட்டர்காரர் ஏதோ தட்டுவார், உடனே ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் மாமாவுக்கு டயாலிசிஸ் நாற்காலி. அந்த ஓடிபி என் போனுக்கு வரும். அத்தையிடம் போன் கிடையாது. யாரிடமாவது வாங்கி என்னைக் கூப்பிடுவாள், நான் சொல்லுவேன். போன வியாழன் அவள் கூப்பிட்டபோது என் போன் திரை உறைந்துபோய், அணைத்து, திரும்ப உயிர் வந்து, அந்த எண் வந்து விழுந்தபோது அது காலாவதி ஆகியிருந்தது, மாமாவின் நாற்காலியில் வேறு ஒருவரை உட்காரவைத்துவிட்டார்கள், மாமா காலும் முகமும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு வாசலில் அத்தையைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டியிருக்கலாம். “விடுத்தா, நீ என்ன செய்வ. உன் போனு பாவம்,” என்றாள். போன் பாவம். அன்றைக்கு எல்லாரையும் விட அதுதான் பாவமாகப் பட்டிருக்கிறது அவளுக்கு. இன்று சனிக்கிழமை. இன்றும் மாமா அங்கே உட்கார்ந்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வரும். வந்து, இது மறுபடியும் உறைந்துபோனால்? அவர் மூச்சு வாங்குவதை நான் பார்த்ததில்லை, ஆனால் வியாழனுக்குப் பிறகு அது என் காதில் கேட்கிறது, போனை வைக்கிற அதே காதில்.

“சொல்லுங்க மேடம், பட்ஜெட் என்ன மாதிரி?” என்று வந்து நின்றவன் சட்டையில் ரெக்சன் என்று பெயர் குத்தியிருந்தது. என் வயசுதான் இருக்கும். சிரிப்பு மேனேஜர் பக்கம் திரும்பும்போது ஒளிர்கிறது, என் பக்கம் திரும்பும்போது அணைகிறது, தெருவிளக்கு மாதிரி அவனுக்கும் யாரோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பாவம் என்று நினைக்கப் பார்த்தேன், அவன் விரலை நக்கி ஒரு விளம்பரத் தாளைப் புரட்டி அதை என் கையில் கொடுத்தான், நினைக்க முடியவில்லை. “இது எடுங்க மேடம். ஸ்டோரேஜ் பாத்தீங்கன்னா டபுள். எவ்ளோ போட்டோ எடுத்தாலும் நிறையாது. பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் போட்டா இன்னும் குறையும், குடுங்க பாப்போம்.” கொடுத்தேன். அவன் வாங்கியதும் முகம் சுளித்தான், உடனே சுளிப்பை விழுங்கினான், நான் பார்த்துவிட்டேன், வெட்கம் காதுவரை ஏறியது, ஏதோ உள்பாவாடையை எடுத்து மேசையில் போட்ட மாதிரி. “பேட்டரி ஊதிருச்சே மேடம். சரி, டெஸ்ட் போட்டுப் பாக்குறேன்.” திரையைத் தேய்த்தான், கேமராவைத் திறந்தான், கேலரிக்குள் போனான், போகாதே என்று சொல்வதற்குள் போய்விட்டான். என் படங்கள் சின்னச் சின்னச் சதுரமாக ஓடின. என் படங்கள் என்று சொல்கிறேன், அதில் நான் எங்கே இருக்கிறேன். ஆதார் அட்டை, ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வெள்ளைப் பெட்ஷீட் முன்னால் விறைத்து நிற்கிற எங்கள் தெரு ஜெயக்கொடி அக்கா, பாஸ்போர்ட் சைஸுக்கு, யாரோ ஒருத்தரின் மூத்திர டெஸ்ட் ரிப்போர்ட், கரண்ட் மீட்டர், மறுபடி ஆதார், பிறகு அந்தக் கட்டி. முத்தையா சித்தப்பா முதுகில் வந்த ராஜபிளவை. டாக்டருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்று நான்தான் எடுத்தேன், கிட்டத்தில் போய், வெளிச்சம் விழுகிற மாதிரி, மஞ்சளும் சிவப்புமாய், நடுவில் பல கண் வைத்து. ரெக்சன் விரல் அங்கே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். “மெடிக்கல் லைனா மேடம்?” என்றான். ஆமாம் என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இந்த எண் எப்படித் தெருவின் எண் ஆனது என்று எனக்குத் தெரியும், நான் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலேஜில் சேர்ந்த வருஷம், பஞ்சாயத்து ஆபீஸில் ஆதார் கேம்ப். எங்கள் தெருவில் முதல் காலேஜ் நான்தான், எங்கள் வீட்டில் முதல் ஆண்ட்ராய்டு போனும் என்னுடையதுதான். மேசைக்காரர் மொபைல் நம்பர் கேட்டார். அம்மா நிமிர்ந்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, “எம் பொண்ணு நம்பரப் போடுங்க, அவ படிக்கிறா,” என்றாள். பின்னால் நின்ற ஜெயக்கொடி அக்கா, “எனக்கும் அதே நம்பரப் போட்டுருங்க சார்,” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர், “எனக்கும்.” வரிசை முழுக்க எனக்கும், எனக்கும். மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு, “ஏம்மா, நீங்கல்லாம் ஒரே குடும்பமா?” என்றார். “ஒரே தெரு சார்,” என்றார் முத்தையா சித்தப்பா, அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்கிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எனக்குப் பதினெட்டு வயசு, முதுகுத் தண்டில் ஏதோ சுகமாக ஏறியது. அதன் பிறகு யாருக்கு சிலிண்டர் வந்தாலும் எனக்குத் தெரியும், யார் வீட்டில் சிலிண்டர் மூன்று மாதமாக வரவில்லை என்பதும் தெரியும். யார் மகளிர் குழுவில் கடன் எடுத்தார்கள், யார் தவணை கட்டவில்லை, யார் கணவருக்குத் தெரியாமல் நகையை மீட்டாள், யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை வரச் சொல்லியிருக்கிறது, எல்லாம் போன் அதிர்ந்து என் தொடையில் ஒரு துடிப்பாக வந்து விழும். நான் கேட்டு வாங்கவில்லை. ஊர்ச் சாக்கடைக்கு வழி என் வீட்டு வாசல் என்று யாரோ வெட்டிவிட்டார்கள். தெருவில் நடந்து வரும்போது அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், மெசேஜைப் பார்ப்பேன். வேலையில் இருக்கும்போது கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபினாயில் நெடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை சுவரில் படாமல், எண்களை மெல்லிய குரலில் சொல்லுவேன். வெளியே வந்தால் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். யாரோ இருக்கிறான் என்று நினைக்கிறார்கள். இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

“இதுல டபுள் சிம் மேடம்,” என்றான் ரெக்சன். “உங்க பழைய நம்பர் ஒரு ஸ்லாட்ல. புது நம்பர் ஒண்ணு நம்ம ஆஃபர்ல ஃப்ரீயா வருது, அது இன்னொரு ஸ்லாட்ல.” புது நம்பர். யாருக்கும் தெரியாத எண். அதைக் கேட்டதும் உடம்பில் ஒரு சிலிர்ப்பு, திருட்டுச் சாவியைத் தொட்ட மாதிரி. பழைய சிம்மை எடுத்து, விரல் நகத்தளவு இருக்குமா அது, பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் போட்டுவிட்டால்? சத்தம்கூடக் கேட்காது. அத்தை யாருடைய போனிலோ பத்து எண்ணை அமுக்குவாள், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் என்று ஒரு பெண் சொல்லுவாள், அத்தை அந்தப் பெண்ணிடம் “ஏத்தா சந்தனம்?” என்பாள். இந்த இடத்தில் என் கற்பனை நின்றுவிடுகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது, போன் உறைகிற மாதிரி. அவர்களுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். ஃபீஸ் கட்டினார்களா, இல்லை. புத்தகம் வாங்கித் தந்தார்களா, இல்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு என்று ஜெயக்கொடி அக்காவே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். ஏதாவது செய்திருந்தால் சுலபம், திருப்பிக் கொடுக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யவில்லை. சும்மா எதிர்வீட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் தப்பிக்க முடியவில்லை. இப்போது இந்தப் புதுப் போனை வாங்கினால் யாருக்கு வாங்குகிறேன்? என் சம்பளத்தில், டபுள் ஸ்டோரேஜில், இன்னும் எத்தனை முதுகுக் கட்டி, இன்னும் எத்தனை மூத்திர ரிப்போர்ட், எவ்வளவு எடுத்தாலும் நிறையாது என்கிறான். நிறையாது. உறையாது. ஒரு நொடி தாமதிக்காது. நான் எனக்குப் போன் வாங்க வரவில்லை, தெருவின் போனை மேம்படுத்த வந்திருக்கிறேன். 

ஆனாலும் அந்த எண்ணைக் கைவிடவும் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை ஒருத்தன் கூப்பிட்டான், பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று, ரொம்ப மரியாதை, ஜெயக்கொடி அக்காவின் முழுப்பெயர் சொன்னான், அவள் கணக்கு முடங்கப் போகிறது, இப்போது வரும் எண்ணைச் சொல்லுங்கள் மேடம் என்றான். அவன் அத்தனை தடவை மேடம் என்றது எனக்கு இதமாக இருந்தது. நான் மூன்று எண் சொல்லிவிட்டேன். மூன்று. நாலாவது நாக்கில் வந்து நின்றபோதுதான் ஏதோ உறைத்து, போனை வைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டிகிரி படித்த நானே மூன்று எண்வரை போயிருக்கிறேன், அவர்கள் கையில் இது இருந்தால், எவன் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், மாவட்டக் கலெக்டர் என்றால் எழுந்து நின்று சொல்லுவார்கள். அதனால்தான் நான் வைத்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்ற. இது உண்மைதான். இது உண்மைதானா? ஒவ்வொரு முறையும் இந்தக் காரணத்தை எடுத்துப் பார்க்கும்போது அது கொஞ்சம் கூடுதலாகத் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, இந்தக் கண்ணாடி மேசை மாதிரி, சாய்த்துப் பார்த்தால் ரேகை தெரிகிறது.

“மேடம், ஓடிபி வருது உங்களுக்கு,” என்று ரெக்சன் போனை நீட்டினான். வந்துவிட்டது. உறையாமல் வந்துவிட்டது. கையில் வாங்குவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். “ஏத்தா சந்தனம், வந்துருச்சா?” சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை, எப்போதும் இதுதான், வந்துருச்சா. பின்னால் யாரோ இருமுகிற சத்தம், மாமாவோ, வேறு யாரோ. “வந்துருச்சு அத்தை. நாலு.” “நாலு!” என்று கவுண்ட்டருக்குக் கத்தினாள். “ஏழு.” “ஏழு!” நான் விட்ட இடைவெளியை அப்படியே அவளும் விட்டாள், பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிற மாதிரி. கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறும் முடிந்தது. “தப்பிச்சேன்டியம்மா,” என்றாள். “இன்னிக்கும் வராமப் போயிருமோன்னு உன் மாமா விடியக்காலத்துல இருந்து ஒரே பொலப்பம். வாட்ச்மேன் தம்பி போனுல இருந்துதான் அடிக்கேன். நானே அமுக்குனேன், உன் நம்பரு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.” வைக்கப் போனாள். நான், ஏனென்று தெரியவில்லை, “அத்தை,” என்றேன். “உங்களுக்கு எண் பாக்கத் தெரியுமா?” “என்னடி கேள்வி இது. நம்பர் பாக்காமலா பஸ் ஏறி வாரேன்?” “இல்ல, இந்த மெசேஜ் உங்ககிட்டயே வந்தா வாசிச்சிருவீங்களா?” “அது எப்பிடி? அது இங்கிலீசுல வாரது. காலேசு படிச்சவுக பாத்துச் சொல்லணும்ல.” “அதுல சுத்திலும்தான் இங்கிலீஷ் அத்தை. நான் உங்களுக்குச் சொல்றது எண்ணு மட்டும்தான். நடுவுல ஆறு எண்ணு இருக்கும்.” “வெறும் எண்ணா?” “வெறும் எண்ணுதான்.” “நாலு ஏழுன்னு நீ சொல்றது, அப்பிடியேவா எழுதியிருக்கும்?” “அப்பிடியேதான்.” அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அப்படிச் சிரித்தாள். “அடிப் பாவி மகளே! இத முன்னாலயே சொல்லக் கூடாதா? நான் என்னமோ அத வச்சு நீ கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சு சொல்றன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஏங்க, கேட்டீகளா, அது வெறும் நம்பராம்ங்க!” மாமாவிடம் சொல்கிறாள். பிறகு, “சரி வையி, வாட்ச்மேன் தம்பி முழிக்கான், காசு போகுதுன்னு.”

வைத்துவிட்டேன். போன் கையில் சூடாக இருந்தது. தெரு முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணைப் பார்த்து பஸ் ஏறுகிற, எடைக்கல்லில் ஏமாறாத, பத்து எண்ணை மனசில் வைத்து யாரோ போனில் அமுக்குகிற ஒரு தெரு, ஆறு எண்ணுக்காக ஒரு பட்டதாரியைத் தேடி இத்தனை வருஷம் ஓடிவந்திருக்கிறது. நான் சொன்னதே இல்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை. ஆனால் ஏன் நான் எப்போதும் இடைவெளி விட்டு, கொஞ்சம் புருவத்தைச் சுருக்கி, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி வாசித்தேன்? வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் ஏன் கையை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொன்னேன், பேசினால் எண் ஓடிவிடுமா? உள்ளேயிருந்து அம்மா “இருங்க, எம் மக பாத்துச் சொல்லுவா” என்பாள், அந்தக் குரல், அந்த மார்தட்டல், அது எனக்கு வேண்டியிருந்தது. வேலையில் நான் யாரும் இல்லை, மூன்றாவது கம்ப்யூட்டர். தெருவில் நான் நுழைந்தால் ஆட்கள் எழுந்து வருகிறார்கள். சாக்கடையை என் வாசலுக்கு யாரும் வெட்டவில்லை, வந்ததை நான் அணை கட்டி வைத்திருந்தேன், வைத்துக்கொண்டு மூக்கையும் பொத்திக்கொண்டேன். எதிரில் இருந்த போனில் வெளுத்த பெண் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேமராவை யாரும் மூடவில்லை. அவளைப் பார்த்து வந்த அருவருப்பு இதன் முன்னால் ஒன்றுமில்லை. இது வேறு, இது தோலுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, குண்டூசி போகாது. ஆனால் மேடம் மேடம் என்று எண் கேட்ட அந்த பேங்க்காரன்? எவன் கேட்டாலும் அத்தை சொல்லிவிடுவாளே? சொல்லித் தர வேண்டும். கூப்பிடுகிறவன் யாரென்று கேட்காமல் சொல்லாதே என்று சொல்லித் தர வேண்டும், அதை இத்தனை வருஷத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்கலாம். அப்போதும் எவனாவது ஏமாற்றினால்? ஏமாற்றினால் அது என் தலையில்தான். மாமாவின் நாற்காலியும் என் தலையில், ஜெயக்கொடி அக்காவின் பணமும் என் தலையில். இரண்டையும் வைத்துப் பார்த்தேன். மாமாவுக்கு வாரத்தில் மூன்று நாள். மூச்சு வாங்குவது நிச்சயம். திருடன் வருவது சந்தேகம். இதைவிட நேர்மையாக எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

“மேடம், கன்ஃபார்ம் பண்ணிரலாமா? இன்னிக்கோட ஆஃபர் முடியுது,” என்றான் ரெக்சன். “பட்டன் போன் இருக்கா?” என்றேன். “என்னது மேடம்?” “பட்டன் போன். எழுத்து பெருசா தெரியணும். மெசேஜ் வந்தா சத்தமா அடிக்கணும்.” அவன் மேனேஜரைப் பார்த்தான், மேனேஜர் சுவரைப் பார்த்தார், சிரிப்பின் சுவிட்ச் அணைந்தது. “அதெல்லாம் அந்தப் பக்கங்க்கா,” என்றான். மேடம் போய் அக்கா வந்திருந்தது, வந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சார்ஜர் வயர்கள் கிடந்த கீழ் இழுப்பறையை முழங்காலால் இழுத்து, தூசி தட்டி ஒன்றை எடுத்து வைத்தான். “வீட்ல பெரியவங்களுக்காக்கா?” “எங்க தெருவுக்கு,” என்றேன். “தெருவுக்கா? ஒண்ணு பத்துமா?” என்று அவனே சிரித்தான், அன்றைக்கு சுவிட்ச் இல்லாமல் அவன் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான். என் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்து சிம்மை எடுத்தான், எடுத்ததை என் கண் முன்னால் தரையில் தவறவிட்டான், குனிந்து எடுத்துத் தன் பேன்டில் துடைத்து அந்தப் போனில் போட்டான். புது எண்ணின் சிம்மை என் ஊதிப்போன போனில் போட்டான். “பேட்டரிய மாத்திருங்க, வெளிய ரோட்டோரமாவே மாத்திருவாங்க. வெடிச்சுகிடிச்சுத் தொலையப் போகுது.” அப்படியானால் இதுவே ஓடும். புதுசு தேவைப்பட்டது எனக்கு இல்லை என்பது இப்போது அவ்வளவு தெளிவாக இருந்தது, மேசையிலிருந்து கையை எடுத்தேன், விரல்நுனியில் யாருடையதோ பிசுக்கு. சுடிதாரில் துடைத்தேன், போகவில்லை. லேசாக இருக்கும் என்று நினைத்துத்தான் வெளியே வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பைக்குள் பட்டன் போன் அடித்தது, கூர்மையாக, பக்கத்துச் சீட்டுக்காரர் திடுக்கிட்டுப் பார்க்கிற அளவுக்கு, யாருக்கோ ஏதோ வந்திருக்கிறது. கை தானாகப் பையின் ஜிப்புக்குப் போனது. இனி இது என் எண் இல்லை, சாயங்காலம் அத்தை கைக்குப் போகிற போன், பார்த்துச் சொல்ல வேண்டியது நான் இல்லை, ஆனாலும் கை போகிறது. ஜிப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே, நான் இறங்க வேண்டிய திருமங்கலம் வரை வந்தேன். பார்க்காமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருந்தது, அதுதான் எனக்கு, என்ன சொல்வது, அருவருப்பாக இருந்தது.

இவ்வளவுதான் சந்தனமாரி சொன்னது. அன்று சாயங்காலமே பட்டன் போனைச் சீனியம்மாள் கையில் கொடுத்துவிட்டதாகவும், யார் என்ன என்று கேட்காமல் யாருக்கும் எண்ணைச் சொல்லக் கூடாது என்று உட்காரவைத்துப் பலமுறை சொல்லித் தந்ததாகவும், அத்தை அதை அப்படியே திருப்பிச் சொன்னதாகவும் சொன்னாள். அவளை நம்பாமல் இல்லை. எழுதுவதற்கு முன்னால் ஒன்றையாவது சரிபார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளுடைய பழைய எண் என் போனில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, என் எண்ணிலிருந்து அதற்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண்குரல், யார், எங்கிருந்து என்று ஒன்றும் கேட்காமல், “வந்துருச்சு, எழுதிக்கோங்க,” என்றது. பிறகு ஆறு எண்களை, ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துவிட்டு வைத்துவிட்டது.